டைனோசர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

எங்கள் அலுவலகத்தில் காலாண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து, மேலே இருப்பவர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற எந்தக் கம்பெனியிலும் நடப்பதுதான். சமோசா உண்டு, காபி உண்டு. கேள்வி கேட்க மைக்கும் உண்டு, யாரும் கேட்பதில்லை. இரண்டு வருடம் முன்பு அப்படியொரு கூட்டத்தில் திரையில் ஒரு டைனோசர் படம் வந்தது. அதன் வயிற்றில் பி.எஸ்.என்.எல். சின்னம். மாறாவிட்டால் இந்தக் கதிதான் என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிரிப்பு முடிந்து ஆறு வாரம் ஆகியிருக்காது. பழைய நெட்வொர்க்குகளுக்கான மென்பொருளைப் பராமரித்துவந்த குழுவைக் கலைத்தார்கள். நாங்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு பில்லிங் மாதிரியான சமாச்சாரங்களை எழுதிக்கொடுக்கிறவர்கள். அந்தக் குழுவில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஓர் அண்ணன் இருந்தார். வயது நாற்பத்தெட்டு. எஸ்.எஸ்.7 சிக்னலிங்கில் ஒரு செய்தி எங்கே தொலைந்தது என்பதை ஹெக்ஸ் எண்களை வெறுங்கண்ணால் படித்தே சொல்லிவிடுவார். எச்.ஆர். அறையில் அவருக்குச் சொன்ன விளக்கத்திலும் அந்த டைனோசர் வந்ததாம். "என்னையும் பி.எஸ்.என்.எல். ஆக்கிட்டாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சோம்பேறி அரசு நிறுவனம், மதியம் சாப்பிடப் போனால் திரும்பி வராத ஊழியர்கள், தொழில்நுட்பம் மாறியபோது தூங்கிக்கொண்டிருந்த தலைமை. எதிரே, அலை வருவதை ஆறு வருடம் முன்பே பார்த்துவிட்ட தொலைநோக்குக்காரர். முன்னவர் செத்தார், பின்னவர் வென்றார். மேனேஜ்மென்ட் புத்தகக்காரர்களுக்கு இந்தக் கதை சோறு போடுகிறது. யூட்யூபில் இதையே இருபது நிமிடத்துக்கு இழுத்து, பின்னணி இசை போட்டு விற்கிறார்கள். எனக்கு இந்தக் கதை மேல் கோபம். கோபத்துக்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. பொறியாளனாகப் பார்த்தாலும் இந்தக் கதை தப்பு. நெட்வொர்க் எப்படி மாறுகிறது, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் இது கேட்பதே இல்லை.

பாசம் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். என் தாய்மாமா பட்டுக்கோட்டைப் பக்கம் லைன்மேனாக இருந்தவர். 1985இல் மஸ்தூராகச் சேர்ந்து, டெலிகாம் மெக்கானிக் ஆகி, 2020 ஜனவரி 31ஆம் தேதி மாலை வெளியே வந்தவர். விடுமுறைக்குப் போனால் என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். தோளில் டெஸ்ட் போன் தொங்கும். பள்ளத்தில் இறங்கி கேபிளைப் பிரித்தால் உள்ளே மயிரிழை மாதிரி கம்பிகள், கையெல்லாம் ஒட்டும் ஜெல்லி. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஒரு வரிசை. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் இன்னொரு வரிசை. நாலையும் ஐந்தையும் ஜோடி போட்டால் இருபது இணை. "மாப்ள, கறுப்போட பச்சை எத்தனாவது ஜோடி?" என்பார். பதின்மூன்று என்று சொன்னால் டீக்கடையில் ஒரு தேன்மிட்டாய். பிற்காலத்தில் கல்லூரியில் என்கோடிங் பாடம் நடத்தியபோது எனக்கு மட்டும் அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் இலக்கியச் சூழலிலும் இந்தத் துறைக்கு ஒரு தனிச் சோகக்கவிதை ஓடுகிறது. ட்ரங்க் கால், கறுப்பு ரிசீவர், எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு, அதில் ஓடும் சிவப்பு எண்கள். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு போன் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறையிடம் போய் அந்த அழகைச் சொல்லிப் பாருங்கள். டைனோசர் என்று கேலி செய்கிறவரும் ஐயோ என் பால்யம் என்று உருகுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்று: இருவருக்குமே அது செத்துவிட்டது. செத்ததாகச் சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை பாருங்கள்.

விசாரித்துத்தான் பார்ப்போமே.

மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல எக்ஸ்சேஞ்சுகளில் ஸ்ட்ரௌஜர் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் டயலைச் சுழற்றினால் அங்கே ஒரு இரும்புக் கை நிஜமாகவே மேலேறித் திரும்பும். அதை எடுத்துவிட்டு டிஜிட்டல் வந்தது. பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் இ-10பி வந்தது. 1984இல் தொடங்கிய சி-டாட், குளிர்சாதனம் இல்லாமல் நம் வெயிலிலேயே ஓடக்கூடிய 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் வைத்தார்கள், பிறகு நாடெங்கும் கிராமம் கிராமமாகப் போனது. செம்புக் கம்பி இருந்த இடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது. இந்த மாற்றங்களை எல்லாம் செய்துகாட்டியது யார்? அதே "சோம்பேறி" ஊழியர்கள்தான். 2000 அக்டோபர் 1ஆம் தேதி துறையிலிருந்து பிரித்து பி.எஸ்.என்.எல். என்று பெயர் வைத்தபோது அவர்கள் கையில் இந்தியாவின் ஆகப்பெரிய தொலைபேசி வலை இருந்தது.

மொபைல்? 1995இல் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். நாட்டில் போன் நடத்திய அரசுத் துறைக்கோ இறங்கிவர 2002 அக்டோபர் ஆனது. ஏழு வருடம். எதிரி ஏழு வருடம் ஓடி முடித்தபின் கோட்டில் நிறுத்திவிட்டு "ஓடு" என்றார்கள். அப்படியும் ஓடினார்கள். செல்ஒன் சிம்முக்கு விண்ணப்பம் வாங்க ஊரூராக வரிசை நின்றது. 2004-05 நிதியாண்டில் இந்த நிறுவனத்தின் லாபம் 10,000 கோடி ரூபாய்க்கு மேல். டைனோசர் ஸ்லைடில் இந்த எண்ணை யாரும் போடுவதில்லை.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

இதைப் புரிந்துகொள்ள, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தலைமை என்பது அன்றாடத்தில் என்ன வேலை என்று தெரிய வேண்டும். எங்கள் வாடிக்கையாளரான ஓர் ஐரோப்பிய நிறுவனம் 3ஜியை நிறுத்திய திட்டத்தில் நான் இரண்டு வருடம் இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஸ்விட்சை அணைக்கிற வேலை. உள்ளே போனால் லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன், திருட்டு அலாரம், கார்டு தேய்க்கும் மெஷின், மின்மீட்டர் என்று எது எதிலோ பழைய சிம் ஒளிந்திருக்கும். அதனால்தான் அந்த ஊர்களில் பலர் 3ஜியை முதலில் அணைத்துவிட்டு அதைவிடக் கிழடான 2ஜியை விட்டுவைத்தார்கள். அங்கே தொழில்நுட்பத் தலைவராக இருந்த பெண்மணி எந்த அலையையும் தூரத்தில் பார்த்தவர் மாதிரி தெரியவில்லை. சலிப்பான எக்செல் தாள்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. இந்த மாதம் இந்த ரேடியோ, அடுத்த காலாண்டில் அந்தக் கோர், விலை ஒத்துவராவிட்டால் வேறு கம்பெனி என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு மாதத்துக்குள் பெட்டிகள் வந்து இறங்கும்.

நெட்வொர்க் தலைமுறை மாறும்போது எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. எதை வாங்குவது என்பது பெரிய ரகசியமில்லை. எல்லோரும் படிப்பது ஒரே தரநிலை ஆவணங்களை, பேசுவது அதே நாலைந்து விற்பனையாளர்களிடம். எப்போது வாங்குவது, எவ்வளவு வேகமாக வாங்குவது, தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் எவ்வளவு காலம் தாங்குவது என்பதில்தான் பிழைப்பு.

2004இல் ஏர்டெல் என்ன செய்தது என்று பாருங்கள். நெட்வொர்க்கை வாங்கிப் போடுவதையே விட்டுவிட்டது. எரிக்சன் போன்ற கம்பெனிகளே கருவிகளை நட்டுப் பராமரிக்கட்டும், பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த கொள்ளளவுக்குக் காசு கொடுக்கிறேன் என்றது. கணினி வேலை மொத்தத்தையும் ஐ.பி.எம்.மிடம் தள்ளியது. அன்றைக்கு உலகத்தில் எவரும் பெரிய அளவில் செய்திராத காரியம். இதைத் தலைமை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன், சந்தேகமே இல்லை.

அதே காலத்தில் பி.எஸ்.என்.எல்.? 2006இல் 4.55 கோடி ஜி.எஸ்.எம். இணைப்புகளுக்கு டெண்டர் விட்டது. தகுதியிழந்த ஒரு நிறுவனம் நீதிமன்றம் போனது. அது முடிவதற்குள் 2007இல் அமைச்சர் மாறினார், புதியவர் விலை அதிகம் என்றார், கடைசியில் ஆர்டர் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கு இன்னொரு டெண்டர். அதிலும் வழக்கு, அதிலும் புகார். 2010இல் ரத்து. இந்தியாவில் மொபைல் எரிமலை மாதிரி வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நாட்டில் எல்லோரும் புதிதாக போன் வாங்குகிறார்கள், ஒரே ஒரு கம்பெனியிடம் மட்டும் கொடுக்க லைன் இல்லை. சிம் இருக்கிறது, டவரில் இடமில்லை. அந்த வருடங்களில் தொலைத்தொடர்பு அமைச்சர் நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த இருவருமே தமிழர்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2ஜி பற்றி நாம் பேசித் தீர்த்துவிட்டோம். 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்ததையும் கொண்டாடியோ திட்டியோ முடித்துவிட்டோம். இந்த டெண்டர்களைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு கட்டுரை எழுதினோமா?

ஓர் அரசு நிறுவனத்தின் தலைவர் கருவி வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடும்போது அவர் முதுகுக்குப் பின்னால் விஜிலென்ஸ் கமிஷன், சி.பி.ஐ., தலைமைத் தணிக்கையாளர் என்று மூன்று பேர் நிற்கிறார்கள். முடிவெடுத்துத் தப்பானால் ஓய்வுக்குப் பின்னும் சம்மன் வரும். முடிவே எடுக்காமல் கோப்பைத் திருப்பி அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இப்படிப்பட்ட நாற்காலியில் எந்தத் தொலைநோக்குக்காரரை உட்காரவைத்தாலும் அவர் மேலும் ஒரு கமிட்டிதான் போடுவார். சில காலம் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் தலைவர், ஒன்று முழுநேரம், மற்றது கூடுதல் பொறுப்பு. லட்சத்துக்கு மேல் ஆட்கள் வேலைபார்க்கிற இடத்தை இப்படி நடத்திவிட்டு, தலைமை சரியில்லை என்கிறோம்.

2010தான் இந்தக் கதையின் நடுமுதுகு. அந்த ஆண்டு 3ஜிக்கும் பிராட்பேண்ட் வயர்லெஸ்ஸுக்கும் அலைக்கற்றை ஏலம் நடந்தது. அரசு நிறுவனங்களுக்கு ஏலத்தில் உட்கார வேலையில்லை. அலைக்கற்றை கொடுத்துவிடுவார்கள், தனியார்கள் அடித்துப்பிடித்து ஏற்றிய விலை எதுவோ அதைக் கட்ட வேண்டும். வேண்டும் வேண்டாம் என்று பேரம் பேசவோ, இந்த மாநிலம் போதும் என்று தேர்ந்தெடுக்கவோ இடமில்லை. டெல்லி, மும்பை தவிர நாடு முழுவதற்குமாக பி.எஸ்.என்.எல். கட்டியது சுமார் 18,500 கோடி ரூபாய். வாங்கிய காசு யாருக்குப் போனது? முதலாளியான அரசுக்கு. நல்ல நாளில் சேர்த்த கையிருப்பு அதில் கரைந்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில்தான் முதல்முறையாக நஷ்டம் காட்டியிருந்தது. நஷ்டத்தில் விழுந்த பிள்ளையின் உண்டியலை அப்பா உடைத்த கதை.

இனி மறுபக்கம். அதே 2010 ஜூனில், இன்ஃபோடெல் என்று யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனி நாடு முழுவதற்குமான பிராட்பேண்ட் அலைக்கற்றையை 12,848 கோடிக்கு எடுத்தது. அன்றைக்கே ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 4,800 கோடி போட்டு அதில் 95 சதவீதத்தை வாங்கியது. அந்த உரிமத்தில் டேட்டா மட்டும்தான் தரலாம், குரல் அழைப்பு கூடாது. 2013இல் 1,658 கோடி கட்டி அதையும் மாற்றிக்கொண்டார்கள். அதைத் தணிக்கையாளர் கேள்வி கேட்டது தனிக்கதை. ஜியோ கடை திறந்தது 2016 செப்டம்பர் 5. அலைக்கற்றை வாங்கியதிலிருந்து ஆறு வருடம் ஒரு பைசா வாடிக்கையாளர் வருமானம் இல்லாமல் காத்திருந்தார்கள். 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, நேராக எல்.டி.இ. மட்டும், குரலும் அதன் மேலேயே. பொறியியலாகப் பார்த்தால் மிகத் துணிச்சலான முடிவு. நான் அதை ரசிக்கிறேன். ஆனால் அந்த ஆறு வருடக் காத்திருப்பைத் தாங்கியது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் பணம். அலைக்கற்றை கையிலிருந்தது இருவருக்கும்தான். ஒருவருக்குக் காத்திருக்கக் காசு இருந்தது. இன்னொருவர் வைமாக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாமல் முக்கியமான சில வட்டங்களில் அலைக்கற்றையைத் திருப்பிக்கொடுத்துப் பணத்தைக் கேட்டு நின்றார். இதில் தொலைநோக்கு எங்கே வருகிறது?

இன்னொன்று, இதைச் சொன்னால் ஜியோ பக்தர்களுக்குக் கோபம் வரும். 2002 டிசம்பரில் அதே முகேஷ் அம்பானியின் தலைமையில்தான் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சி.டி.எம்.ஏ. தொழில்நுட்பத்தில் இறங்கியது. 501 ரூபாய்க்கு போன் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த போன்தான். மலிவாக வேகமாக இறங்க அது நல்ல வழியாகவே இருந்தது. ஆனால் உலகம் ஜி.எஸ்.எம். பக்கம் சாய்ந்தது. சி.டி.எம்.ஏ.வின் அடுத்த தலைமுறையாக வரவேண்டியதை 2008இல் குவால்காமே கைவிட்டது. அமெரிக்காவின் வெரைசன் அதற்குள் எல்.டி.இ.தான் என்று முடிவெடுத்துத் தாவிவிட்டது. 2005இல் சகோதரர்கள் சொத்துப் பிரித்தபோது அந்தக் கம்பெனி தம்பி பங்குக்குப் போனது. ஜி.எஸ்.எம்.முக்கு இன்னொரு முறை வலை கட்டி, கடன்மேல் கடன் ஏறி, 2017 கடைசியில் மொபைல் சேவையை மூடி, 2019இல் திவால் நடைமுறைக்குள் போனது. தொழில்நுட்பம் மாறியபோது தவறிய தலைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? ஆனால் அந்தச் சின்னத்தை டைனோசர் வயிற்றில் ஒட்டிய ஸ்லைடை நான் பார்த்ததேயில்லை.

நம் ஊர் ஏர்செல் இன்னும் கிட்டத்தில். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. என் கல்லூரி நாட்களில் பாதி வகுப்பு ஏர்செல்தான். 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி எடுக்க 6,500 கோடி கொட்டியது. 2018 பிப்ரவரியில் ஒருநாள் தமிழ்நாடெங்கும் சிக்னல் போய், எண்ணை மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். அந்த மாதக் கடைசியில் திவால் மனு. அதில் சோம்பேறி அரசு ஊழியர் யாருமில்லை. யூனியன் கொடியும் பறக்கவில்லை. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலுவைக் கட்டணத்தைக் கட்டச் சொன்னபின் வோடஃபோன் ஐடியா தள்ளாடி, பாக்கியெல்லாம் பங்காக மாறி, இன்று அதில் ஏறக்குறைய 49 சதவீதம் மத்திய அரசுடையது. தனியார் நிறுவனத்தை அரசு தாங்கிப் பிடித்தால் அது சந்தையில் போட்டியைக் காப்பாற்றுவது, தன் சொந்த நிறுவனத்தைத் தாங்கினால் மக்கள் வரிப்பணம் வீண். இந்தக் கணக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

எதிர்வாதத்துக்கு வருகிறேன். ஆள் அதிகம், அது உண்மை. 2018-19இல் வருமானத்தில் சுமார் 75 சதவீதம் சம்பளத்துக்கே போனது. தனியாரில் அது ஒற்றை இலக்கம். யூனியன்கள் ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வாசலில் பந்தல் போட்டன, தனியார் பங்கு என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. வாடிக்கையாளரை மனுதாரராக நடத்துகிற குணம் இந்த நாட்டின் எல்லா அரசுக் கவுண்ட்டர்களிலும் இருக்கிறது, தொலைபேசிக் கவுண்ட்டர் மட்டும் விதிவிலக்காக இருந்திருக்குமா? இதையெல்லாம் மாமாவிடமே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "நீ சொல்றது நெசம்தான்" என்பார். "ஆனா கடைசி மடை வரைக்கும் கம்பி இழுன்னு சொன்னவன் யாரு? வீட்டுக்கு மூணு போஸ்ட் நட்டு, மாசம் அம்பது ரூபா பில்லு வர்ற எடத்துக்கு?" அந்தக் கிராமச் செலவை ஈடுகட்டத் தனியாரிடம் வசூலித்துக் கொடுத்த கட்டணத்தை 2008இல் நிறுத்திவிட்டார்கள். போஸ்ட் அங்கேயே நின்றது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் நின்றார்.

அந்த ஆட்களையும் பிறகு அனுப்பிவிட்டார்கள். 2019 நவம்பர் 4ஆம் தேதி விருப்ப ஓய்வுத் திட்டம் தொடங்கியது. 50 வயது தாண்டியவர்களுக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். நான் வாரக்கடைசியில் ஊருக்குப் போய் மாமாவுக்கு லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எக்செலில் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். 34 என்று ஒரு கட்டம், 5 என்று ஒரு கட்டம். "இந்த அஞ்சுக்குதான் காசு கொடுக்கறானா?" என்றார். ஆமாம் மாமா, வேலை பார்க்காம இருக்கறதுக்கு. கொஞ்ச நேரம் பேசவில்லை. 78,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், மொத்த ஊழியர்களில் ஏறக்குறைய பாதி. ஒரே மாலையில் பாதி நிறுவனம் வெளியே நடந்தது. எந்தக் கேபிள் எந்தப் பள்ளத்தில் எந்த ஜோடியில் ஓடுகிறது என்பது பல ஊர்களில் அவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எழுதிவைக்கச் சொல்லி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆட்களைக் குறைத்தாயிற்று, இனி தொழில்நுட்பம் வந்திருக்க வேண்டுமல்லவா? அதுவரை கையில் உருப்படியான 4ஜி அலைக்கற்றையே இல்லை. 2018இல் கேரளத்தின் இடுக்கியில் இருக்கிற 3ஜி அலைக்கற்றையை வைத்தே சில இடங்களில் 4ஜி கொடுத்துக் காட்டினார்கள் அங்கிருந்த பொறியாளர்கள். தூங்குகிறவர்கள் செய்கிற வேலையா அது? 2020 மார்ச்சில் 4ஜி கருவிகளுக்கு டெண்டர் வந்தது. எல்லை மோதல் நடந்த அந்தக் கோடையிலேயே அதையும் ரத்து செய்தார்கள். உள்நாட்டுக் கருவிதான் என்று முடிவு. டி.சி.எஸ். ஒருங்கிணைப்பு, சி-டாட்டின் கோர், தேஜஸின் ரேடியோ. கோரை எழுதி, ரேடியோவுடன் பேசவைத்து, கோளாறெல்லாம் தீர்த்து, 2025 செப்டம்பர் 27ஆம் தேதி ஒடிசாவில் பிரதமர் தொடங்கிவைத்தபோது சுமார் 97,500 டவர்கள். சொந்தமாகத் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஐந்தாவது நாடு என்றார்கள். தனியார்கள் 5ஜி தொடங்கி அதற்குள் மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு 4ஜி கோரை வெறுங்கையிலிருந்து எழுதுவது என்னவென்று எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. நாட்டுக்குச் சொந்தக் கருவி வேண்டும் என்பது நாட்டின் லட்சியம். அதற்கான ஐந்து வருடத் தாமதத்தை ஏன் ஒரே ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டினோம்? ஜியோவிடமோ ஏர்டெல்லிடமோ ஐந்து வருடம் பொறு, நோக்கியாவும் சாம்சங்கும் எரிக்சனும் வேண்டாம் என்று யாராவது சொன்னோமா? அவர்கள் வாங்கி நட்டுக்கொண்டே போனார்கள். பி.எஸ்.என்.எல். ஆய்வுக்கூடமாக நின்றது. ஆய்வுக்கூடத்தின் மாதாந்திர வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எண்ணை மாற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அந்த எண்ணிக்கையையே எடுத்து, பாருங்கள் டைனோசர் என்று திரையில் போட்டார்கள்.

போனவர்களில் நானும் ஒருவன். 2016 டிசம்பரில் வேளச்சேரியில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஜியோ சிம் வாங்கினேன். மாமாவிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

இது ஏன் இன்றைக்குப் பேச வேண்டிய விஷயம் என்றால், 2024 ஜூலையில் தனியார்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் பி.எஸ்.என்.எல்.லுக்கு வந்து சேர்ந்தார்கள். 4ஜி ஒழுங்காக இல்லாத, நாம் சவப்பெட்டி தயார் செய்து வைத்திருந்த நிறுவனத்துக்கு. அந்த வருடக் கடைசிக்குள் போக்கு மறுபடி திரும்பியது என்பதும் உண்மை. வந்தவர்களைத் தக்கவைக்க வலை அப்போது இல்லை. மாதம் முந்நூறு ரூபாய் ரீசார்ஜைத் தள்ளிப்போடுகிற ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா இல்லையா என்பது மேனேஜ்மென்ட் வகுப்புக்கான கேள்வி இல்லை. அந்த இடத்தின் முதலாளி நாம். முடிவெடுக்கவிடாத விதிகளும், உண்டியலை உடைத்த அரசுகளும், டெண்டரைத் தூக்கி எறிந்த அமைச்சரவைகளும் நாம் ஓட்டுப் போட்டு வந்தவை. எக்ஸ்சேஞ்சில் தூங்கிய ஒரு ஊழியரின் போட்டோவைப் பகிர்ந்தால் இதெல்லாம் நினைவுக்கு வராது. வசதி.

எங்கள் அண்ணனுக்கு எட்டு மாதம் கழித்து ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. அவரை அனுப்பிய குழுவின் வாடிக்கையாளர் ஒருவர் 2ஜியை இன்னும் சில வருடம் ஓட்டப்போகிறோம் என்றதும், எங்கள் ஆட்களே தினக்கூலிக் கணக்கில் ஆலோசகராக அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட தொகையைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன அக்டோபரில் ஊருக்குப் போயிருந்தேன். மாமாவின் பி.எஸ்.என்.எல். எண்ணில் 4ஜி என்று காட்டியது. சந்தைப்பேட்டை தாண்டினால் போய்விடுகிறது, வீட்டுக்குள் ஒரு கோடு, மாடியில் மூன்று கோடு. மாடிக்குப் போய் வீடியோ காலில் அத்தையைக் கூப்பிட்டுப் பார்த்தார். கீழேயிருந்து அத்தை "இங்கதானே இருக்கேன்" என்று கத்தியது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"உள்ள யாரு மெஷினு மாப்ள?" என்றார்.

"சி-டாட் மாமா."

"சி-டாட்டா? நம்ம சி-டாட்டா?" கிராம எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் அந்தப் பழைய 128 போர்ட் பெட்டியை மாட்டுவண்டியில் கொண்டுபோய் இறக்கிய நாளைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "சரி, இத ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுச்சுன்னா இந்தப் பக்கம் யாரு போய்ப் பார்க்கறா? எத்தன பேர் இருக்காங்க இப்ப?" என்று கேட்டார்.

டிவிஷனில் அவருடன் வேலைபார்த்து இன்னும் உள்ளே இருக்கிறவர்களின் பெயர்களை நாங்கள் இருவரும் விரல்விட்டு எண்ணினோம். ஒரு கை போதுமானதாக இருந்தது.